சத்தம் ஒழுகும் பெட்டி

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு, வால்வு ரேடியோ என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. திருகியதும் பாடிவிடாது. முதலில் உள்ளே மஞ்சள் வெளிச்சம் வரும். பிறகு சூடேறிய தூசியின் வாசனை. அதற்கப்புறம்தான் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒலி கிளம்பும். எங்கள் வீட்டுப் பெட்டியின் நெற்றியில் பச்சைக் கண் ஒன்று இருந்தது. நிலையம் சரியாகச் சிக்கினால் அந்தக் கண் இறுகும், விலகினால் அகலும். தம்பி அதற்கு உயிர் இருக்கிறது என்றே நம்பினான். தூங்கப்போகும்போது அதற்கும் ஒரு குட் நைட் சொல்லுவான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, தான் வேலை பார்த்த கப்பல் தளத்தில் இருந்த ஒரு குடும்பத்திடமிருந்து அப்பா அதை வாங்கினார். ஓரங்கள் வளைந்த, பழுப்பு நிற மரப்பெட்டி. முன்பக்கம் தங்க இழை ஓடிய துணி. தந்த நிறத் திருகுகள். அந்தத் தளத்தில் வேலை முடிந்த பிறகு அப்பா ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறைக்கு மாறினார். நாங்களும் ரேடியோவும் ஜூரோங் அடுக்குமாடிக்குக் குடிவந்தோம்.

பட்டறையில் அப்பாவுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். பழைய தளத்தில் செய்ததேதான்: கப்பலின் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி, துருவைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பது. பத்துப் பேர் ஒரே தொட்டிக்குள் நின்று தட்டுவார்கள். காதில் வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து பஞ்சு எடுத்துப் போவார். சில நாள் அதையும் மறந்துவிடுவார்.

இன்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா மாறிவிட்டார் என்பதுதான். எது பேசினாலும் கத்தினார். "தண்ணி குடு" என்பதையே சண்டைக்கு வந்தவர்போல் சொன்னார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் எல்லோரும் "ஆமென்" சொல்லி முடித்த பிறகு அப்பாவின் "ஆமென்" மட்டும் தனியாக, உரக்க வரும். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பற்களைக் கடித்தபடி கேட்பார்: "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்தாச்சா?"

அப்பா குடித்ததில்லை. படியில் இறங்கும்போது சில சமயம் தள்ளாடுவார். அதற்கும் காது காரணமாக இருக்கலாம் என்று பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் சொன்னார். அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஒரே காரணம் குடி.

"காது கேக்கலையா உங்களுக்கு?" என்று அம்மா ஒரு நாளைக்குப் பலமுறை கேட்பார். நம் வீடுகளில் அது வசவு. அதை ஒரு கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கேட்ட அம்மா உட்பட.

அப்பாவின் புகாரெல்லாம் ரேடியோவின் மேல். "இதுல சத்தமே இல்ல. முன்ன எப்படிப் பாடும்!" என்று திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அம்மா வந்து குறைப்பார். அப்பா மறுபடி கூட்டுவார். ஒரு சனிக்கிழமை அதைத் துண்டில் சுற்றி, டாக்சி பிடித்து, தேக்காவில் ஒரு ரேடியோக்காரரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அவர் பின்பலகையைக் கழற்றி, ஒவ்வொரு வால்வாகச் சோதித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"செட்டு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குலா அண்ணே. ஒரு கோளாறும் இல்ல."

அப்பா நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேல்பலகையில் நீளமாக ஒரு பிளவு. மூலைகளில், மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடு ஈரத்தில் உப்பி, உரிந்த தோல்போல் நின்றது. காப்பிக் குவளை வைத்த வட்டங்கள் வேறு. பிளவுக்குள் நகத்தை விட்டு அப்பா என்னிடம் காட்டினார்.

"செட்டுல கோளாறு இல்லன்னா பொட்டியிலதான் கோளாறு. பாரு, எப்படிப் பொளந்து கெடக்குன்னு. பாதிச் சத்தம் இதுவழியாவே ஒழுகிப் போயிருது."

நான் நம்பினேன். சத்தம் ஒழுகும் என்பது பதினோரு வயதில் நம்பக்கூடிய விஷயம்தான்.

அந்த ஆண்டு இறுதி விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டு வாசல் நடைபாதை ஒரு தச்சுப் பட்டறையாக இருந்தது. அப்பா திருகுகளை உருவி, அடியிலிருந்த ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருந்ததை அப்படியே எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தார். வெறும் பெட்டி தரையில் விரித்த செய்தித்தாளில் உட்கார்ந்தது. உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் பழைய வார்னிஷைச் சுரண்டினார். அது பழுப்புச் சுருளாக வந்து விழும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மிச்சத்தைத் துடைத்தபோது, அடியிலிருந்து மரத்தின் சொந்த நிறம் வெளியே வந்தது. தேன்போல ஒரு நிறம். நடுவில் தண்ணீர் அலைபோல ரேகைகள். நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்திராத ஒன்று.

வச்சிரப் பசையைத் தகர டின்னில் போட்டு, கொதிநீரில் வைத்துக் காய்ச்சினார். அந்த நாற்றத்துக்கு அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், கதவைச் சாத்திக்கொண்டார். உப்பிய தகட்டுக்கு அடியில் கத்தி முனையால் பசையைத் தள்ளி, பிளவிலும் விட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீறிப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டதுபோல் அது சில நாள் கிடந்தது.

மெருகேற்றும் வித்தையை ஜாலான் புசார் பக்கம் மரச்சாமான் செய்த ஒரு சீனரிடம் கேட்டு வந்தார். அந்தக் கடைக்கும் நான் போயிருக்கிறேன். அறுக்கும் இயந்திரம் அலறிக்கொண்டே இருக்கும். அங்கே எல்லோரும் கையால்தான் பேசினார்கள். அப்பாவும் கையால் பேசினார். சிரித்தார். அந்த ஆண்டில் அப்பா வேற்று மனிதரோடு சிரித்துப் பேசி நான் பார்த்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். ஏன் என்பது இப்போது புரிகிறது.

சீனர் கொடுத்த அரக்குச் செதில்கள் ஈசல் இறகுபோல் இருக்கும். அவற்றை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து உருட்டி, அதில் நனைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் வட்டம் வட்டமாக, பிறகு நீளவாக்கில். அம்மாவின் பழைய, மெல்லிய வாயல் புடவை ஒன்றைத்தான் அப்பா அதற்குக் கிழித்தார். கேட்டுத்தான் கிழித்தார். அம்மா சரி என்று சொன்னாரா என்பது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் இப்போது யோசிக்கிறேன்.

மழைக்காலம். முதல் தடவை பூசிய மெருகு ஈரக்காற்றில் வெளுத்து, பால் கொட்டியதுபோல் ஆகிவிட்டது. அப்பா எல்லாவற்றையும் மறுபடி துடைத்தெடுத்து, உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது.

அம்மா காலையில் தேக்காவுக்குப் போயிருந்தார். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தார். திரும்பி வந்த அம்மாவின் கையில் காய்கறிப் பை இல்லை. முகம் வீங்கியிருந்தது. நடைபாதையில், குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பழைய திருகுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதாம். அண்ணன் நேத்துப் போய்ப் பாத்துட்டு வந்துச்சு. நான் ஒரு நட ஜொகூர் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

உப்புத்தாள் சர்ர், சர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா சற்று நேரம் நின்றார். "ஏங்க. போய்ட்டு வரட்டுமா? பிள்ளைங்களயும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அப்பா பெட்டியின் மூலையை விரலால் தடவிப் பார்த்தார். ஊதினார். மறுபடி தேய்த்தார்.

அம்மா என்னைத் தாண்டி உள்ளே போனார். சமையலறைக் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்கலாம், மூன்றாவது முறை முகத்துக்கு நேரே வந்து சொல்லியிருக்கலாமே என்று. அதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் தாத்தா, நாலு பேர் முன்னால் அப்பாவை "இரும்பு தட்டுறவன்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா, பாலத்துக்கு அப்பால் ஜொகூரில் இருந்த தாத்தா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆகையால் அந்த மௌனத்துக்கு அர்த்தம் என்னவென்று அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. போகாதே என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லக்கூட மனசில்லாத 'போகாதே'.

அந்த வாரம் அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோற்றை வைப்பார், நகர்ந்துவிடுவார். பேசாமல் இருப்பது அப்பாவுக்குத் தண்டனை என்று நினைத்தார். அப்பாவுக்கோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு அரக்குப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கீழ்த்தள மளிகைக் கடைக்குத் தொலைபேசி வந்தது. கடைப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்து அம்மாவைக் கூப்பிட்டான். போன அம்மா மேலே வரவில்லை. செருப்போடு, கட்டியிருந்த சேலையோடு, கீழே வந்து நின்ற மாமாவுடன் அப்படியே டாக்சியில் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜொகூர் போய்விட்டார். போய்ச் சேருமுன் தாத்தா போய்விட்டிருந்தார்.

கடைப் பையன் வந்து சொன்னதை, சாயங்காலம் அப்பா வந்ததும் நான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையில் படிந்திருந்த துருவைக்கூடக் கழுவாமல் சட்டையை மாற்றினார்.

மறுநாள் விடியலில் நாங்கள் ஜொகூர் போனோம். தாத்தாவைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுத்திரி ஏற்றி, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா நேராக அம்மாவிடம் போனார்.

"உடம்பு முடியலன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மெதுவாகத்தான் கேட்டிருப்பார் என்று இன்று நினைக்கிறேன். ஆனால் வந்தது கத்தல். செபமாலை நின்றுவிட்டது.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: "சொன்னேன். உங்க முதுகுகிட்ட ரெண்டு தடவ சொன்னேன்."

"என்ன? என்ன சொல்ற?" அப்பா குனிந்தார். இன்னும் பலமான கத்தல்.

மாமா எழுந்து வந்து அப்பாவின் மார்பில் கைவைத்துத் தள்ளினார். "எழவு வீட்டுல வந்து சண்ட போடுறியா? வெளிய போ!"

அப்பா வெளியே போனார். சவ ஊர்வலம் புறப்படும்வரை, மழையில், வேலிக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவருக்குக் குடை கொடுக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா எங்களோடு திரும்பவில்லை. மாமா வீட்டில் தங்கிவிட்டார். தம்பியையும் வைத்துக்கொண்டார். அப்பாவும் நானும் ஜூரோங் வீட்டில். வேலை முடிந்து வந்து அப்பா சோறு வடிப்பார், பெட்டியோடு உட்கார்ந்துவிடுவார். மழை விட்டிருந்தது. மெருகு பிடித்துக்கொண்டது. நாளுக்கு ஒரு பூச்சு. கிறிஸ்துமஸ் வந்து போனது. எங்கள் வீட்டில் கேக்கும் இல்லை, குடிலும் இல்லை. பெட்டி மட்டும் பளபளத்துக்கொண்டே போனது. குனிந்தால் என் முகம் அதில் தெரிந்தது. காப்பி வட்டங்கள் போய்விட்டன. பிளவு இருந்த இடத்தைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா முன்பக்கத்துக்குப் புதுத் துணி இழுத்து ஒட்டி, உள்ளே இருந்ததைத் திரும்பப் பொருத்தினார். ஆனால் திருகிப் பார்க்கவில்லை.

"அம்மா முன்னாடி போட்டுக் காட்டுவோம்" என்றார்.

ஒரு ஞாயிறு பிற்பகல் அதைப் போர்வையில் சுற்றி டாக்சியில் வைத்துத் தேக்காவுக்குப் போனோம். குறுகலான மரப்படியில் அப்பா அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஏறினார். மாமா வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம், மாலை, எரிகிற மெழுகுத்திரி. மாமாவும் அத்தையும் அப்பாவை வா என்று சொல்லவில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றார். அப்பா யாரையும் பார்க்காமல் போர்வையை விலக்கினார்.

அத்தை தன்னையறியாமல் "அம்மாடி" என்றார். அவ்வளவு அழகாக இருந்தது.

"எல்லாத்தையும் ஒட்டிட்டேன்" என்றார் அப்பா, அம்மாவிடம். "இனிமே ஒழுகாது. கேட்டுப் பாரு."

செருகினார். திருகினார். பச்சைக் கண் மெல்ல விழித்தது. அப்புறம் ஒரு சினிமாப் பாட்டு அந்த வீட்டையே தூக்கியது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு அலறினான். கீழே கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் நடந்துபோனவர்கள் நின்று மாடியைப் பார்த்தார்கள். அப்பா பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்து, முகம் சுருங்க, திருகை இன்னும் திருப்பினார். அது அதற்குமேல் திரும்பவில்லை.

"இன்னும் வரணும்" என்றார். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

"துக்க வீட்டுல வந்து பாட்டா போடுற? எங்கள நக்கல் பண்றியா?" மாமா பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினார். பாட்டு அறுந்தது. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும் அமைதி.

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. திருகைப் பிடித்தபடி, பெட்டியில் காதை வைத்தபடி, கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

மாமா உயர்த்திய கை அப்படியே நின்றது. அம்மா சமையலறை வாசலிலிருந்து நடந்து வந்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால், அன்று ஜூரோங் நடைபாதையில் நின்ற அதே தூரத்தில் நின்றார். அப்பாவின் பெயரைச் சொன்னார்.

கட்டிய நாளிலிருந்து அம்மா வாயில் வராத பெயர். நம் அம்மாக்கள் சொல்லமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். அம்மா அதைத் தெளிவாக, எல்லோர் முன்னாலும், ஒருமுறை சொன்னார். பிறகு இன்னொரு முறை, உரக்க.

அப்பா திரும்பவில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். தரைப் பலகை அதிர்ந்தது அப்பாவின் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, மாமாவின் கையில் தொங்கிய கம்பியைக் கண்டு, கூச்சத்தோடு சிரித்தார்.

"நல்லா இருக்கா?" என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா எங்களோடு வந்துவிட்டார். மாமா கீழே வந்து டாக்சி பிடித்துக் கொடுத்தார். பெட்டியை அவரே தூக்கி வந்து வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் தோளில் கையை வைத்துவிட்டு, எடுக்க மறந்து நின்றார்.

மருத்துவமனையில் சோதித்துவிட்டு, போனது போனதுதான் என்றார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அது விசில் அடிக்கும். அப்பா அதைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பட்டறையில் தொட்டி வேலையிலிருந்து எடுத்துச் சாமான் அறையில் போட்டார்கள். வீட்டில் நாங்கள் அப்பாவின் முன்னால் வந்து நின்று பேசப் பழகினோம். மெருகேற்றிய ரேடியோ சில காலம் நன்றாகவே பாடியது. அம்மா அளவாக வைத்துக் கேட்பார். பிறகு தொலைக்காட்சி வந்தது. வீடு மாறியபோது ரேடியோ, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போய்விட்டது.

எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தோம். அம்மாவுக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை. அதுவரை கோபப்பட ஓர் ஆள் இருந்தார். இப்போது அப்பாமேல் கோபப்படவும் வழியில்லை.

மறு ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு ஜொகூர் போனோம். அப்பா தம்பியோடு தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அம்மா தாத்தாவின் கல்லறை முன் உட்கார்ந்து மெழுகுத்திரியைக் கையால் மறைத்தபடி பேசினார். நான் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டிருக்க வேண்டும்.

"அவருக்குக் கேக்கலப்பா" என்றார். "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அவருக்குக் கேக்கல, சரி. நான் ஏன் கேட்டேன்?"

அந்தக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது புரிகிறது. எங்கள் வீட்டிலிருந்து, ஜொகூர் பாலம் இருக்கும் உட்லண்ட்ஸுக்குப் பேருந்து இருந்தது. அம்மாவுக்குக் கால்கள் இருந்தன.

எண்பதுகளின் கடைசியில் எனக்குத் திருமணமாகிச் சாங்கிப் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் இருந்தேன். கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. ஒரு முற்பகல், அடுப்பில் உலை கொதிக்கையில் தொலைபேசி அடித்தது. அம்மா.

"அப்பாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நெஞ்சு வலி."

"இதோ, வீட்டுல கேட்டுட்டு..."

"கேக்காத." அம்மா அப்படி அதட்டி நான் அறிந்ததில்லை. "யாரையும் கேக்காத. கெளம்பு."

அடுப்பை அணைத்தேன். மாமியார் அறையிலிருந்து, "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார். "எங்கப்பாவப் பாக்கப் போறேன், அத்தை" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா விழித்திருந்தார்.